கருத்தடை மாத்திரை: எந்த நாளில் மறந்தால் ஆபத்து அதிகம்?

அட்டையின் நடுவில் ஒரு மாத்திரையை விழுங்க மறந்துவிட்டால் பல பெண்கள் பதறிப்போகிறார்கள். புதிய அட்டையை இரண்டு நாள் தாமதித்துத் தொடங்குவதை மட்டும் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. உண்மையில் கரு தரிக்கும் வாய்ப்பு இரண்டாவதில்தான் அதிகம்.

பரவலாகப் பயன்படும் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என இரு ஹார்மோன்கள் உள்ளன. சினைமுட்டையை முதிரச் செய்யும்படி பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் சமிக்ஞைகளை இவை அடக்கிவிடுகின்றன. 21 நாள் இப்படிப் போகும். அடுத்த 7 நாள் மாத்திரை கிடையாது. 28 மாத்திரை கொண்ட அட்டை என்றால் பெரும்பாலும் கடைசி ஏழில் மருந்து இருக்காது. அந்த வாரம் வருவது வழக்கமான மாதவிலக்கு அல்ல. ஹார்மோன் நின்றதால் கருப்பையின் உட்சுவர் உதிர்கிறது, அவ்வளவுதான். மாதவிலக்கு போலவே தோன்றட்டும் என்று மாத்திரையை உருவாக்கியவர்கள் 1950களில் வைத்த இடைவெளி அது. உடலுக்கு அது கட்டாயமில்லை.

ஆனால் அந்த 7 நாளில் சினைப்பை விழித்துக்கொண்டு அடுத்த முட்டையை வளர்க்கத் தொடங்கிவிடுகிறது. எட்டாம் நாள் மாத்திரை வந்துவிட்டால் வேலை நின்றுவிடும். இடைவெளி ஒன்பது, பத்து நாளாக நீண்டால் முட்டை வெளியேறிவிடக்கூடும். சினைப்பையை மறுபடி உறங்கவைக்கத் தொடர்ந்து 7 மாத்திரைகள் வேண்டும்.

இது புரிந்தால் மறதிக்கான விதிகளும் விளங்கும். ஒன்றை மட்டும் மறந்தால், நினைவு வந்தவுடன் விழுங்குங்கள். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால், கடைசியாக விட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் தொடருங்கள். அடுத்த 7 நாளுக்கு ஆணுறையும் தேவை. இது மூன்றாவது வாரத்தில் நடந்தால் ஓய்வு வாரத்தை விட்டுவிட்டு உடனே அடுத்த அட்டைக்குப் போய்விடலாம். முதல் வாரத்தில் நடந்து, அண்மையில் உறவும் இருந்திருந்தால், அவசரக் கருத்தடை பற்றி அன்றே மருத்துவரிடம் கேளுங்கள்.

பாலூட்டும் தாய்மாருக்குக் கொடுக்கப்படும் புரோஜெஸ்டோஜன் மட்டுமுள்ள மாத்திரைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பழைய வகைகளில் 3 மணி நேரத் தாமதமே அதிகம். கோயில் திருவிழாவுக்காகத் தேதியைத் தள்ளிப்போட நம் பெண்கள் வாங்கும் நோரெதிஸ்டெரோன் மாத்திரையையும் கருத்தடையாக நம்பிவிட வேண்டாம்.

சாதாரண ஆன்டிபயாடிக் எடுத்தால் மாத்திரை வேலை செய்யாது என்ற பயம் தேவையற்றது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின்தான் விதிவிலக்கு. அது கல்லீரலை முடுக்கிவிட்டு ஹார்மோனை விரைவாகச் சிதைக்கிறது. மருந்தை நிறுத்திய பிறகும் நான்கு வாரம் வரை அந்த விளைவு நீடிக்கும். வலிப்புக்கான ஃபெனிடோய்ன், கார்பமாசெபின் ஆகியவையும் இப்படித்தான்.

இனி இரத்தக்கட்டி. மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு நரம்புக்குள் இரத்தம் உறைகிறது. லெவோநோர்ஜெஸ்ட்ரல் கலந்த மாத்திரையில் இது 5 முதல் 7 பேர். முகப்பரு குறையும் என்று பலர் விரும்பும் ட்ரோஸ்பைரினோன் வகையில் 9 முதல் 12 பேர். கர்ப்பகாலத்தில் இந்த ஆபத்து இதைவிடவும் கூடுதல் என்பதால் எண்களைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. ஆனால் 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்முன் ஒளிக்கோடுகள் தோன்றி ஒற்றைத் தலைவலி வருபவர்கள், முன்பு இரத்தக்கட்டி வந்தவர்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். தோழியின் அட்டையைக் கடன் வாங்குவது கூடாது என்று சொல்வது இதனால்தான். தொடங்குமுன் இரத்த அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். கிளினிக்கில் இரண்டு நிமிட வேலை.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பார்வை மங்கினாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.