கமுதியில் விளையும் மின்சாரம்

இராமநாதபுரச் சீமையின் வெயிலைப் புகழ்ந்தாரை நாம் கண்டதில்லை. கண்மாய் வற்றினாலும் பயிர் தீய்ந்தாலும் அதனையே குறைகூறுவது நம் வழக்கம். அவ்வெயிலையே முதலாகக் கொண்டு அங்கு ஒரு பெருந்தொழில் நடைபெறுகின்றது. கமுதிக்கு அணித்தே, ஏறக்குறைய 2,500 ஏக்கர் பரப்பில், 25 லட்சம் பலகைகள் வானை நோக்கி நிற்கின்றன. 648 மெகாவாட் ஆற்றலுடைய இந்நிலையம் 2016-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றபோது, ஓரிடத்தமைந்த சூரிய மின்நிலையங்களுள் உலகிலேயே பெரியதெனப்பட்டது. பின்னர் அதனினும் பெரியன எழுந்துள்ளன.

இங்கு நீராவி இல்லை, சுழலும் சக்கரம் இல்லை, புகைபோக்கியும் இல்லை. பின் மின்சாரம் பிறப்பது எங்ஙனம்? ஒவ்வொரு பலகையும் ஸிலிகன் தகடுகள் பலவற்றைத் தொடுத்தமைத்தது. ஸிலிகன் மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பொருள். தகட்டின் ஒரு புறத்தில் பாஸ்வரமும் மறுபுறத்தில் போரனும் மிகச் சிறிதளவு கலந்திருக்கும். அவ்விரு புறமுங் கூடுமிடத்தில் ஒரு மின்விசை தானே அமைந்துவிடுகின்றது. ஒளி பட்டதும் உள்ளிருக்கும் எலெக்ட்ரான்கள் சில கட்டவிழ்கின்றன. அவ்விசை அவற்றை ஒரே திசையிற் செலுத்துகின்றது. வெளியே கம்பியை இணைத்தால் அதன்வழி அவை பாயும், அப்பாய்ச்சலே மின்சாரம். ஒரு தகடு தருவது ஏறக்குறைய அரை வோல்ட்டே. பல தகடுகளின் மின்சாரத்தைச் சேர்த்து, இன்வெர்ட்டர் என்னுங் கருவியால் மாறுதிசை மின்சாரமாக்கி, 4 லட்சம் வோல்ட்டுக்கு உயர்த்தி, மின்தொடரிற் சேர்க்கின்றனர்.

ஒளியால் மின்சாரம் தோன்றுமென்பதை 1839-இல் பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் கண்டார். பயன்படத்தக்க ஸிலிகன் தகட்டை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1954-இல் செய்து காட்டினர். தன்மேற் படும் ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே அது மின்சாரமாக்கிற்று. இக்காலத்துப் பலகைகளோ 20 பங்குக்கு மேலும் ஆக்குகின்றன.

வெயிலின் சூடு மிகுந்தால் மின்சாரமும் மிகுமென நம்மிற் பலர் எண்ணுவர். அது பிழை. வேலை செய்வது ஒளியேயன்றி வெப்பமன்று. 25 பாகைக்கு மேல் தகட்டின் சூடு ஏறும் ஒவ்வொரு பாகைக்கும், விளைவில் நூற்றுக்கு ஏறக்குறைய 0.4 பங்கு குறைகின்றது. சித்திரை வெயிலில் தகடு 60 பாகையை எட்டினால், ஏழிலொரு பங்கு வீணாம். புழுதி படிந்தாலும் நட்டமே. ஆதலால் கமுதியில் தானியங்கிக் கருவிகள் பலகைகளை நாடோறும் துடைக்கின்றன.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. 648 மெகாவாட் என்பது நல்ல ஒளியில் எட்டக்கூடிய உச்ச அளவேயன்றி, எந்நேரமும் கிடைப்பதன்று. நம் வீடுகளில் விளக்கேற்றும் வேளையில் இப்பலகைகள் உறங்கிவிடுகின்றன. அவ்வேளைக்கு நிலக்கரியையும் நீரையும் பிறவற்றையும் நாம் நாடவேண்டியுள்ளது. கோயம்புத்தூர் மாவட்டத்துக் காடம்பாறையில், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் நீரை மேலணைக்கு ஏற்றி, வேண்டும்போது கீழே விட்டு, 400 மெகாவாட் வரை பெறுகின்றனர். பெரிய மின்கலங்களும் இப்பணிக்கு வந்துள்ளன.

விளைந்த நெல்லைக் குதிரிற் சேர்க்க அறியாத குடி, அறுவடைக்குப் பின்னும் பசித்திருக்கும். வெயிலை விளைவிக்கக் கற்றோம். அதனைச் சேர்த்துவைக்கும் குதிரைச் செவ்வையாகச் செய்வதே இனி எஞ்சிய வேலை. விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் அதிற் கருத்தூன்றுவாராக.