தாழை வடிகட்டும் கடல்

காற்று ஓங்கி அடித்த மறுநாள் மணமேல்குடிக் கடற்கரையில் கறுத்த நாடாக்கள் கும்பல் கும்பலாக ஒதுங்கிக் கிடக்கும். காய்ந்ததைக் கையில் எடுத்தால் வெங்காயச் சருகு போல நொறுங்கும். பாசி என்று தாண்டிப் போகிறோம். பாசியே இல்லை இது. வேர், தண்டு, பூ, காய் எல்லாம் உள்ள செடி. கடல்தாழை.

இங்கே கடல் ஆழம் குறைவு. பல நாள் குளம் மாதிரி கிடக்கும். வெயில் தரைவரை இறங்குவதால் தாழை வளர்கிறது. அதே அமைதியால் கரையிலிருந்து இறங்கும் அழுக்கும் சட்டென்று விலகுவதில்லை. இறால் குட்டை வடிகாலில் வருவது மிஞ்சிய தீவனமும் இறாலின் எச்சமும், அழுகினால் அமோனியா. 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டத்தையொட்டிய வழிகாட்டுதல்கள், 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகளுக்குக் கழிவுநீர்க் குளம் வேண்டும் என்றன. அங்கே தண்ணீரைத் தேக்கினால் சேறு அடியில் படியும். பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும்.

கடலுக்குள் தாழையும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான் பார்க்கிறது. இலைக்கூட்டம் நீரோட்டத்தைத் தடுக்க, கலங்கல் படிகிறது. நைட்ரஜனை இலையும் வேரும் உறிஞ்சுகின்றன. வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் சேற்றுக்குள் போகிறது.

கிருமி விஷயம் இன்னும் வியப்பு. இந்தோனேசியத் தீவு ஒன்றில் கூடிய ஆய்வாளர்களுக்கு அமீபா சீதபேதி வந்தது. அந்த வயிற்றுப்போக்கே ஓர் ஆய்வுக்கு வழிகாட்டியது! ஆய்வாளர் ஜோலியா லாம்பின் குழு அங்கே கடல்நீரைச் சோதித்து 2017இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது: தாழை உள்ள இடத்தில் நோய்க்கிருமி வகைப் பாக்டீரியாக்கள் பாதியளவுதான்.

அதற்காகத் தாழையைச் சாக்கடைத் தொட்டியாக நினைத்துவிடக் கூடாது. உரச்சத்து மிஞ்சினால் நுண்பாசி இலைமேல் படர்ந்து வெயிலை மறைக்கும், தாழை கருகும். அதையே மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்கும் பட்டினி. அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. என்னைக் கேட்டால், அந்தப் பாதுகாப்பு கரையில் இருக்கும் கழிவுநீர்க் குளத்திலேயே தொடங்குகிறது.

அழிந்த இடத்தில் மறுபடி நடவும் முடிகிறது. தஞ்சாவூர்க் கரையில் ஓம்கார் அறக்கட்டளை மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் தாழைத் துண்டுகளை முடிந்து கடலடியில் இறக்கியது. கயிறும் மூங்கிலும் நாளடைவில் மக்கிவிடும். அதற்குள் வேர் சேற்றைப் பிடித்திருக்க வேண்டும்.