ஐஸ் பெட்டியில் போன ரத்தம்

1986 பிப்ரவரி. சென்னையிலிருந்து காட்பாடிக்குப் போன இரவு ரயிலில், ஓர் ஐஸ் பெட்டிக்குள் சில பெண்களின் ரத்த மாதிரிகள் இருந்தன. கொண்டுபோனவர் சென்னை மருத்துவக் கல்லூரி முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா. வழிகாட்டியவர் பேராசிரியர் சுனிதி சாலமன். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. இந்தக் கிருமி இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்று நாம் அறிந்துகொண்டது அப்படித்தான்.

அந்த ரத்தம், கைதாகிக் காப்பு இல்லத்தில் அடைபட்டிருந்த பாலியல் தொழிலாளிகளுடையது. எதற்காக எடுக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை என நிர்மலாவே பிற்பாடு கூறியிருக்கிறார். கையுறைகூட இல்லாமல் அவர் செய்த வேலை பெரிது. ஆனால், ரத்தம் கொடுத்த பெண்களின் கதியை நாம் பேசுவதே இல்லை. தொற்று இருந்தவர்களைத் தண்டனை முடிந்தும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்தின் படியேறிய பிறகு, 1990-ல்தான் கதவு திறந்தது. எச்.ஐ.வி.க்கு அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். முதலில் திறந்த மையங்களில் தாம்பரமும் ஒன்று. ஊசி தேடி வந்து 18 வருடம் கழித்தே மாத்திரை வந்தது.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். விரல் நுனியில் ஒரு குத்து, அரை மணிக்குள் தெரிந்துவிடும். தொழிலில் இருக்கும் பெண்களே தொண்டு நிறுவனப் பணியாளர்களாகி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோழிகளைப் பரிசோதனைக்கு அழைத்து வருகிறார்கள். 2017 முதல், தொற்று உறுதியானவுடனே சிகிச்சை. எதிர்ப்புச் சக்தி சரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி குறைந்துவிட்டால், உடலுறவில் அது அடுத்தவருக்குப் பரவாது.

சிக்கல் அந்த 'விடாமல்' என்ற சொல்லில் இருக்கிறது. விரலில் குத்திப் பார்ப்பது முதல் படிதான். உறுதிசெய்ய அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குப் போக வேண்டும். அந்தப் போர்டு எதற்கென்று ஊருக்கே தெரியும். வரிசையில் நிற்கும்போது பக்கத்துத் தெருக்காரர் பார்த்துவிட்டால்? அதனால் சொந்த மாவட்டத்தை விட்டு, பஸ் ஏறி வேறு ஊருக்குப் போகிறவர்கள் உண்டு. ராத்திரி முழுக்கத் தொழில் பார்த்த உடம்பு காலை ஓ.பி.க்கு எழ வேண்டும். அன்றைய வருமானமும் போகும்.

மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகும் மறைக்க வேண்டும். முதல் வேலை, டப்பாவின் லேபிளைக் கிழிப்பது. அடுத்து, எடுக்கும்போது குலுங்கிச் சத்தம் வராமல் உள்ளே பஞ்சு அடைப்பது. பிள்ளைகள் கேட்டால் சத்து மாத்திரை. எவ்வளவு அக்கறை இருந்தால் ஒரு பெண் தினமும் இதைச் செய்வாள்! பொறுப்பில்லாதவர்கள் என்று இவர்களைப் பேசுகிறவர்கள் அந்தப் பஞ்சைப் பார்க்க வேண்டும்.

நோயாளியின் விவரத்தைச் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியமாக்கக் கூடாது, விருப்பமின்றி இல்லங்களில் வைக்கப்பட்டிருக்கும் பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் உத்தரவிட்டது. நிர்மலா ரத்தம் எடுத்த நாளிலிருந்து 36 வருடம். ஆனாலும், ரெய்டில் ஒரு பெண்ணை வேனில் ஏற்றும் இரவில், பஞ்சு அடைத்த டப்பா அறையிலேயே கிடக்கிறது. மாத்திரையை எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் கேட்டால், என்ன மாத்திரை என்று சொல்ல வேண்டியிருக்கும்.