மழையில் ஏன் திணறுகிறது மோட்டார் சைக்கிள்?

ஐப்பசி பிறந்துவிட்டால் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு வரும் விவசாயிகளுக்கு ஒரு கவலை கூடிவிடுகிறது. விடியுமுன் பறித்த பூவை மூட்டையாகக் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு சுற்றுக் கிராமங்களிலிருந்து அவர்கள் புறப்படுகிறார்கள். வெயில் நாளில் இதே பாரத்தை அலட்டிக்கொள்ளாமல் இழுத்த வண்டி, தூறலில் சில கிலோமீட்டர் நனைந்ததும் இடறத் தொடங்குகிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வேகம் ஏறுவதில்லை. வண்டி விக்குகிறது, சைலன்சரில் 'பட்' என்று வெடிச் சத்தம் கேட்கிறது. ஆனால் அடியோடு நின்றுவிடுவதும் இல்லை. மெதுவாக உருட்டினால் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பூ வாடுமுன் ஏலத்துக்குப் போய்ச் சேர வேண்டியவருக்கு இது பண நட்டம். திருநெல்வேலிச் சாலையில் ஒரு லாரியை முந்திக்கொண்டிருக்கும் வேளையில் இப்படி நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மழை விட்டதும் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டு போனால், அங்கே அது ஒழுங்காக ஓடிக் காட்டும்! கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார்; புதிய பிளக் போடுவார்; அடுத்த மழையில் மறுபடியும் அதே கதை. மழை நாளின் நோய் வெயில் நாளில் வைத்தியரிடம் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஆகவே நோயின் தன்மையை வண்டியை ஓட்டுகிறவரே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

காற்றின் மேல் பழி

"ஈரக் காற்றைக் குடித்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். கோடைப் பிற்பகலில் வெப்பம் 36 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 40 சதவீதம் என்று கொள்ளுங்கள். அப்போது காற்றிலுள்ள நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 24 மில்லிபார். மழை நாளில் வெப்பம் 25 டிகிரி, ஈரப்பதம் நூறு சதவீதம் என்றால் நீராவியின் அழுத்தம் சுமார் 32 மில்லிபார். காற்றின் மொத்த அழுத்தமோ 1,013 மில்லிபார். ஆக, மழை நாளில் நீராவி கூடுதலாக அடைத்துக்கொள்ளும் இடம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே நேரத்தில் காற்று குளிர்ந்துவிட்டதால் அதன் அடர்த்தி மூன்று சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருக்கிறது. கூட்டிக் கழித்தால், மழை நாளில் ஒரு லிட்டர் காற்றில் ஆக்ஸிஜன் சுமார் மூன்று சதவீதம் அதிகமாகவே இருக்கிறது. எஞ்சின் இன்னும் உற்சாகமாக ஓட வேண்டும்! எனவே காற்றை விடுதலை செய்துவிடலாம்.

மின்சாரத்தின் குறுக்கு வழி

உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் மின்சாரம்தான். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் தானாகத் தீப்பற்றுவதில்லை. பிளக்கின் முனையில் எழும் மின்பொறிதான் அதைப் பற்ற வைக்கிறது. அந்த முனையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனாலும் அதைத் தாண்ட 12 வோல்ட் பாட்டரியின் அழுத்தம் எந்த மூலைக்கும் போதாது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இங்கே கைகொடுக்கிறது. இக்னிஷன் காயிலில் இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. முதற்சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று துண்டிக்கப்படும்போது, அதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. இந்த உயர் அழுத்தம் தடித்த ரப்பர் உறையிட்ட ஒயர் வழியாகவும், பிளக் கேப் வழியாகவும் பிளக்கின் முனையை அடைய வேண்டும்.

இவ்வளவு உயர்ந்த அழுத்தம் எளிய வழி எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டே இருக்கும். ஒயரின் உறையில் ஒரு வெடிப்பு, கேப்பின் ரப்பர் வாயில் ஒரு தளர்ச்சி, பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் ஒரு ஈரப் படலம் - இவற்றில் ஒன்று கிடைத்தால் போதும். உருளைக்குள் போக வேண்டிய மின்சாரம் வெளியிலேயே எஞ்சினின் உலோக உடம்புக்குத் தாவிவிடுகிறது.

தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மழை நீரும் ஓரளவு தூயதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சங்கரன்கோவில் வட்டாரம் வறண்ட பூமி, கரிசல் மண். மாதக்கணக்கில் மழை காணாத சாலைகளில் ஓடும் வண்டியின் பிளக்கிலும் கேப்பிலும் நுண்ணிய தூசி படிந்துகொண்டே வருகிறது. அந்தத் தூசியில் உப்புகள் இருக்கின்றன. முதல் மழையில் அவை கரைந்ததும் தூசிப் படலம் முழுவதும் மின்கடத்தியாக மாறிவிடுகிறது. ஆண்டு முழுவதும் மழையில் குளிக்கும் ஊர்களின் வண்டிகளைவிட, ஒன்பது மாதம் தூசி தின்று மூன்று மாதம் நனையும் நம் வண்டிகள் இதில் அதிகம் அவதிப்படுவதில் வியப்பில்லை.

சரி, மெதுவாகப் போனால் மட்டும் ஏன் ஓடுகிறது? இதுதான் நோயை அடையாளம் காட்டும் குறி. மேட்டு வயலுக்கு நீர் பாய்ச்சுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரையில் ஒரு நண்டு வளை இருக்கிறது. பள்ள வயலுக்குப் பாய வேண்டிய மட்டத்துக்கு நீர் எப்படியும் ஏறிவிடும். மேட்டு வயலுக்கான மட்டத்தை எட்டுமுன் வளை வழியாக ஒழுகிப் போய்விடும். பிளக்கிலும் இதே நிலைதான். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது உருளைக்குள் நுழையும் கலவை கொஞ்சம். அது நெருக்கப்பட்டாலும் அடர்த்தி குறைவு. அதை ஊடுருவச் சில ஆயிரம் வோல்ட் போதும். ஆக்ஸிலேட்டரை முறுக்கியதும் உருளை நிறையக் கலவை புகுகிறது. அதை எட்டில் அல்லது ஒன்பதில் ஒரு பங்காகப் பிஸ்டன் நெருக்கும்போது அடர்த்தி மிகுந்துவிடுகிறது. மின்பொறி தாவ பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் தேவைப்படுகிறது. கசிவு இருக்கும் வண்டியில் மின்னழுத்தம் அந்த மட்டத்தை எட்டுவதில்லை. பொறி விழாத சுற்றில் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் அங்கே வெடிக்கிறது. நீங்கள் கேட்ட 'பட்' சத்தம் அதுவே.

இன்னொரு செய்தி. பாயிண்ட் வைத்த பழைய புல்லட், யெஸ்டி போன்ற வண்டிகள் இந்தக் கசிவுக்கு எளிதில் பணிந்துவிடும். சி.டி.ஐ. பொருத்திய வண்டிகளில் மின்னழுத்தம் மிக வேகமாக எழுவதால், ஒழுகுவதற்கு அவகாசம் குறைவு. நண்டு வளை இருந்தாலும் வெள்ளம் திடுமென வந்தால் கரை தாண்டிவிடும் அல்லவா? ஆயினும் சி.டி.ஐ. உள்ள வண்டியையும் வெடித்த கேப் கவிழ்த்துவிடும்.

இரவில் ஒரு சோதனை

வெயில் காலத்திலேயே இந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடியும். வாட்டர் சர்வீஸ் செய்த மறுகணம் உங்கள் வண்டி திணறியதுண்டா என்று நினைத்துப் பாருங்கள். அப்படியானால் மழையிலும் திணறும். ஐயம் இருந்தால், இரவில் திறந்த முற்றத்தில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சினை ஓடவிடுங்கள். அடைத்த அறையில் இதைச் செய்யவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். விளக்கை அணைத்துவிட்டு, துணி தேய்க்கும்போது நீர் தெளிக்கும் புட்டியால் பிளக் கேப்பிலும் ஒயரிலும் மெல்லிய தூவலாகத் தெளியுங்கள். கசிவு இருந்தால் நீல நிறத்தில் மினுக்கொளி தெரியும். 'டிக் டிக்' என்ற ஒலியும் கேட்கும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். பெட்ரோல் ஒழுகும் வண்டியில் இச்சோதனையே வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் எட்டியே நிற்க வேண்டும்.

மினுக்கொளி தெரிந்த இடத்தை, எஞ்சினை நிறுத்தி ஆறவைத்த பிறகு துடைத்துப் பாருங்கள். தூசி மட்டும் என்றால் உலர்ந்த துணியால் பீங்கானைத் துடைத்தாலே தீர்ந்தது. ஆனால் மரக்கிளை போலக் கறுப்புக் கோடு ஒன்று தெரியலாம். மின்பொறி ரப்பரையோ பிளாஸ்டிக்கையோ கருக்கிப் போட்ட கரித்தடம் அது. கரி மின்கடத்தி, இனி உலர்ந்த நாளிலும் அந்த வழி திறந்தே இருக்கும். அந்தக் கேப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள். கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிப் பூட்டும் கூலியைவிட அது மலிவு.

மின்கசிவு இல்லையென்றால்

எப்போது திணறுகிறது என்று பாருங்கள். மழை விட்டுச் சாலை உலர்ந்த பிறகும் நோய் நீடித்தால் பெட்ரோலைச் சந்தேகிக்க வேண்டும். டாங்க் மூடியைச் சுற்றி விழும் மழை நீரை வெளியேற்ற ஒரு சிறு துளை உண்டு. தூசியால் அது அடைபட்டால் நீர் தேங்கி உள்ளே இறங்கும். பெட்ரோலின் அடர்த்தி நீரில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஆகவே நீர் அடியில் தங்கி, கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்துக்கு வந்து சேர்கிறது. ஒரு துளி நீர் ஜெட்டின் நுண்ணிய வாயில் உட்கார்ந்தால் போதும். அதன் பரப்பு இழுவிசையே பெட்ரோலை மறித்துவிடும். கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்தால் நீர் அடியில் தனியாகத் தெரியும்.

இப்போது பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-இல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் நீரை விரும்பும் பொருள். சிறிதளவு நீர் புகுந்தால் அதைத் தன்னுள் கரைத்துக்கொண்டு தொல்லையின்றி எரிய விடும். இது ஒரு நன்மை. நீர் அளவு மீறினால், எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு நீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். குளிர்ச்சி இதை விரைவுபடுத்துகிறது. பகலில் தெளிவாக இருந்த கலவை மழை இரவில் இரண்டாகப் பிரிவது இதனால்தான். அப்படிப் பிரிந்ததை வடித்துக் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

வண்டி திணறும்போது கறுப்புப் புகை வந்தால் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். நனைந்த காகித வடிகட்டி காற்றை மறிக்கும். மழைக்குப் பயந்து அதன் வாயில் பிளாஸ்டிக் பை கட்டுகிறவர்களும் உண்டு; மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது போன்றது அது.

ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். எஞ்சினின் சத்தம் ஏறுகிறது, வண்டி மட்டும் நகர மறுக்கிறது என்றால் மின்பொறியில் குறையில்லை. உள்ளே பெல்ட் நனைந்து வழுக்குகிறது. உலர்ந்தால் சரியாகும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீச்சும் கருவியும், அதற்கான மின்னணு உணரிகளும் உள்ளன. அவற்றில் ஒயர் இணைப்புகளில் நீர் புகுந்தாலும் திணறல் வரும். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் நீங்களாகக் கழற்றாமல் சோதனைக் கருவி உள்ள பட்டறைக்குப் போவதே மேல்.

வண்டி முழுவதும் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அத்தகைய வெள்ளத்திலிருந்து மீட்ட வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. கலவையை நெருக்கலாம்; நீரை நெருக்க முடியாது. உருளைக்குள் நீர் நின்றால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பிளக்கைக் கழற்றி, சாவியைப் போடாமல், எஞ்சினை மெல்லச் சுழற்றி உள்ளே நின்ற நீரை வெளியேற்றுங்கள். எஞ்சின் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது. அதை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றிய பிறகே பிளக்கை மாட்டலாம்.