ஹோம் சர்வரில் ஓஎஸ் மாத்தப் போறீங்களா? முதல்ல டேட்டாவைப் பத்திரப்படுத்துங்க!

பழைய டெஸ்க்டாப்பை எடைக்குப் போட மனசில்லாமல், இரண்டு ஹார்டு டிஸ்க்கைச் சேர்த்து வீட்டு மூலையில் 'சர்வர்' ஆக ஓடவிடுபவர்கள் உண்டு. கல்யாண ஆல்பம், குழந்தை முதன்முதலாக நடந்த வீடியோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், ஸ்டுடியோ வைத்திருந்தால் கஸ்டமரின் ரா ஃபைல்கள் என எல்லாமே அதற்குள்தான் இருக்கும்.

அந்த மெஷினில் ஓடுவது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பழைய மெஷின்கள் பலவற்றில் அது கிடையாது. அதனால்தான் உபுண்டு, ஓப்பன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் என லினக்ஸ் பக்கம் கண் போகிறது.

புது ஓஎஸ் போடுவது அரை மணி நேர வேலை. நடுவில் 'இந்த டிஸ்க்கை அழிக்கவா?' என்று கேட்கும்போது, தவறான டிஸ்க்கைக் காட்டி 'ஓகே' கொடுக்க ஒரு நொடி போதும். சிக்கலே அங்கேதான்.

பெரிய இடத்திலும் நடந்திருக்கு

ஒருகாலத்தில் உலகின் முன்னணி சமூக வலைதளமாக இருந்த மைஸ்பேஸ், சர்வர் மாற்றத்தின்போது 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிய பாடல்களை இழந்தது. இது 2019 மார்ச்சில் வெளியே தெரியவந்தது. 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் போயிருக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள். பிறகு சுமார் 4.9 லட்சம் பாடல்கள் மட்டும் திரும்பக் கிடைத்தன. காரணம், ஓர் ஆய்வுக் குழு அவற்றை ஏற்கெனவே நகலெடுத்து வைத்திருந்தது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது வேறு கதை. ஊழியர் ஒருவர் சர்வர் மாறி டேட்டாபேஸை அழித்துவிட்டார். 5 விதமான பேக்கப், நகல் ஏற்பாடுகள் இருந்தும் அவசரத்துக்கு எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

இரண்டிலிருந்தும் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். இன்னொரு பிரதி வேண்டும். அந்தப் பிரதி திறக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்.

'மிரர் போட்டிருக்கேனே, போதாதா?'

போதாது. இரண்டு டிஸ்க்கில் ஒரே டேட்டாவை எழுதும் ரெய்டு முறை, ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். நீங்களே தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், இரண்டிலும் சேர்ந்தே அழியும்.

வேறு ஊரிலும் ஒரு பிரதி

சிதம்பரத்துக்காரர்களுக்கு ஒரே பிரதியின் ஆபத்து புதிதல்ல. மூவரின் தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்ததாகவும், ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் திறக்கவைத்துப் பார்த்தபோது பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்ததாகவும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பூட்டு பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால், உள்ளே இருந்ததைக் காப்பாற்ற அது போதவில்லை.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய '3-2-1' விதி இதற்குத்தான்: மொத்தம் 3 பிரதிகள், 2 வகை சாதனங்களில், அதில் 1 வேறு இடத்தில். கடலூரில் சர்வர் இருந்தால், சிதம்பரத்தில் அம்மா வீட்டு பீரோவில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வைக்கலாம். சுமார் 45 கிலோமீட்டர் தூரம். அடுத்த முறை போகும்போது கையோடு கொண்டுபோனால் போதும். திருட்டு, மின் கசிவு, ஒரு தெருவில் மட்டும் ஏறும் வெள்ளம் ஆகியவற்றுக்கு இது தாங்கும்.

ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயலும், 2015 பெருவெள்ளமும் மாவட்டத்தையே உலுக்கின. எனவே பத்திரங்கள், சான்றிதழ்கள், முக்கியப் புகைப்படங்களை மட்டுமாவது பாஸ்வேர்டு போட்டு கிளவுடிலும் ஏற்றிவிடுங்கள்.

சரி, எப்படி மாத்தறது?

1. பட்டியல் போடுங்க. டேட்டா டிஸ்க் மட்டும் போதாது. ஓஎஸ் இருக்கும் 'சி' டிரைவிலும் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், போட்டோ ஆப்பின் டேட்டாபேஸ் என்று பல விஷயங்கள் ஒளிந்திருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த பத்திரிகை, அழைப்பிதழ் ஃபைல்கள் இருந்தால் அந்த ஃபான்ட்டையும் சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் புது ஓஎஸ்ஸில் தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும்.

2. பூட்டைக் கவனிங்க. டிஸ்க்கில் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸின் 'ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்' முறையில் டிஸ்க்குகளைச் சேர்த்திருந்தால், லினக்ஸில் அவற்றை அப்படியே மாட்டிப் படிக்க முடியும் என்று நம்பக் கூடாது. நகலெடுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிட்டு முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள்.

3. காப்பி, அப்புறம் சரிபார்ப்பு. 4 டிபி டேட்டாவுக்கு, நொடிக்கு 110 எம்பி வேகம் கிடைத்தால் சுமார் 10 மணி நேரம் ஆகும். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் 35 எம்பிதான் கிடைக்கும் என்றால் 32 மணி நேரம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். 'ஆர்சிங்க்' பயன்படுத்துபவர்கள் முதலில் 'டிரை ரன்' என்ற ஒத்திகையை ஓட்டிப் பாருங்கள். எங்கிருந்து, எங்கே என்பது தலைகீழாகி, 'டிலீட்' ஆப்ஷனும் இருந்தால் அசலே காலி. முடிந்ததும் 'செக்சம்' மூலம் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். கடைசியாக, வேறொரு லேப்டாப்பில் அந்த டிஸ்க்கைச் செருகி, பத்துப் பதினைந்து ஃபைல்களைத் திறந்தே பார்த்துவிடுங்கள்.

4. தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டங்களில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளியும் துணைக்காலும் தனிக் குறியீடுகள். 'கல்யாணம்' என்ற 5 எழுத்துச் சொல்லே 24 பைட் பிடிக்கும். ஆக, சுமார் 85 குறியீடுகளோடு எல்லை முடிந்துவிடும். விண்டோஸில் சாதாரணமாக இருந்த நீளமான தமிழ்ப் பெயர், காப்பி ஆகாமல் நின்றுவிடலாம். பெயரை முன்பே சுருக்கிவிடுங்கள். காப்பி முடிந்ததும் பிழைப் பட்டியலைப் படிக்காமல் மூடாதீர்கள்.

5. டேட்டா டிஸ்க்கைக் கழற்றிடுங்க. இதுதான் மிக எளிய, மிகப் பலமான பாதுகாப்பு. மெஷினை அணைத்து, டேட்டா டிஸ்க்குகளின் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் புது ஓஎஸ்ஸை இன்ஸ்டால் செய்யுங்கள். மாட்டாத டிஸ்க்கை எந்த இன்ஸ்டாலராலும் அழிக்க முடியாது. ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் முன்பே எழுதி வைத்தால், திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

6. முதலில் படிக்க மட்டும். புது ஓஎஸ் ஓடத் தொடங்கியதும் டிஸ்க்குகளை மாட்டி, 'ரீட்-ஒன்லி' முறையில் திறந்து பாருங்கள். எல்லாம் இருக்கிறது என்று உறுதியானதும் எழுதும் அனுமதி கொடுக்கலாம். ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்டால், கை வைக்காமல் நிறுத்துங்கள்.

ட்ரூநாஸ் வைத்திருப்பவர்களுக்கு

ஃப்ரீபிஎஸ்டி அடிப்படையிலான 'கோர்' பதிப்பிலிருந்து லினக்ஸ் அடிப்படையிலான 'ஸ்கேல்' பதிப்புக்கு மாறும்போது, இசட்எஃப்எஸ் பூலை அப்படியே இம்போர்ட் செய்யலாம். ஆனால் கோரின் ஜெயில்கள், பிளக்-இன்கள் கூடவே வராது. ஜெலி முறையில் என்கிரிப்ட் செய்த பழைய பூலை ஸ்கேல் திறக்காது. அந்த டேட்டாவை மாறுவதற்கு முன்பே வேறு பூலுக்கு நகர்த்த வேண்டும். செட்டிங்ஸ் ஃபைலையும் டவுன்லோட் செய்து வேறு மெஷினில் வையுங்கள். 'பூல் அப்கிரேட்' பட்டனை உடனே அழுத்த வேண்டாம். அது ஒருவழிப் பாதை. அதன் பிறகு பழைய ஓஎஸ்ஸுக்குத் திரும்ப முடியாமல் போகலாம்.

பழைய டிஸ்க்கை எப்போ அழிக்கலாம்?

உடனே வேண்டாம். முடிந்தால் பழைய ஓஎஸ் இருந்த டிஸ்க்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, புதிதாக ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இன்ஸ்டால் செய்யுங்கள். ஏதாவது சொதப்பினால் பழையதை மாட்டி, பழையபடியே ஓட்டலாம். ஒரு மாதம் ஓடட்டும். வீட்டில் எல்லோரும் வழக்கம்போல் பயன்படுத்தி, 'அந்த ஃபோல்டர் எங்கே?' என்ற கேள்வி வராமல் இருந்தால், அப்போது அந்த டிஸ்க்கை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சிதம்பரம் பீரோவில் இருக்கும் டிஸ்க் மட்டும் அங்கேயே இருக்கட்டும்; சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் புதுப்பித்தால் போதும்.