டயர் பெரிதானால் உத்தரவாதம் சிறிதாகுமா?

ஆனி, ஆடி மாதங்களில் மும்பைச் சாலைகள் படும் பாட்டை இவ்விதழின் நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நள்ளிரவு கடந்ததும் வாஷி மார்க்கெட்டுக்குப் புறப்பட்டு, காய்கறியும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு, பொழுது புலருமுன் மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் செம்பூருக்கும் திரும்பும் பிக்கப் வண்டிகளில் நம்மவருடையவையும் பல உண்டு. அவ்வண்டிகளில் பெரும்பாலானவை கடனில் வாங்கியவை. மாதத் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் அந்த நான்கு சக்கரங்களின்மீதே உருண்டு வருகின்றன. ஆகையால், சக்கரத்தில் செய்யும் மாறுதல் குடும்பத்தையும் தொடுகின்ற விஷயமாகும்.

நம் சங்க அங்கத்தினர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். நெல்லைச் சீமையிலிருந்து வந்து இங்கே மாவு வியாபாரம் செய்பவர். புது வண்டி எடுத்த மூன்றாம் மாதம், மழைப் பள்ளங்களில் அடி தட்டுகிறதென்று டயர்க் கடைக்குச் சென்றார். “அண்ணாச்சி, பெரிய டயராகப் போட்டுவிடுங்கள், பள்ளமெல்லாம் பஞ்சாகிவிடும்” என்றார் கடைத் தம்பி. அண்ணாச்சியும் இசைந்தார். பழைய டயர்களை அக்கடையிலேயே விலைக்குக் கொடுத்தும் விட்டார். எட்டு மாதம் சென்றது. முன்சக்கரத்தின் பேரிங் இரையத் தொடங்கிற்று. அதே வாரத்தில் ஆல்டர்னேட்டரும் நின்றது. சர்வீஸ் நிலையத்தில் வண்டியைச் சுற்றிப் பார்த்தவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: “டயரை மாற்றிய வண்டிக்கு உத்தரவாதமே கிடையாது!”

அச்சொல் பாதி மெய், பாதி பொய். எப்பாதி மெய், எப்பாதி பொய் என்பதை அறிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டயரின்மேல் எழுதியிருப்பது என்ன?

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது, அகலத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பதைக் குறிக்கும். ஆர் என்பது ரேடியல் வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த எண்களைக் கொண்டு சக்கரத்தின் முழு உயரத்தை வீட்டுப் பிள்ளையே கணக்கிடலாம். பக்கச் சுவர் 161.25 மில்லிமீட்டர், மேலும் கீழுமாக இருமுறை, 322.5. ரிம் 381. ஆக மொத்தம் 703.5 மில்லிமீட்டர்.

அண்ணாச்சி போட்டுக்கொண்டது 235/75 ஆர் 15. அதன் உயரம் 733.5 மில்லிமீட்டர். வித்தியாசம் 30 மில்லிமீட்டர். ஆனால் வண்டியின் அடிப்பாகம் உயர்வது அதில் பாதியே, அதாவது 15 மில்லிமீட்டர்தான். ஒரு விரல் அகலம் என்று சொல்லலாம். இந்த ஒரு விரல் உயர்வுக்குக் கொடுக்கும் விலை என்ன என்பதை இனிப் பார்ப்போம்.

சக்கரம் நூற்றுக்கு நாலேகால் பங்கு பெரிதாகிவிட்டது. வேகமானி சக்கரத்தின் சுற்றுகளைக் கொண்டே வேகத்தைக் காட்டுவதாகையால், அது முன்பு காட்டியதைவிடக் குறைத்துக் காட்டும். முன்பு சரியாகக் காட்டியதென்று கொண்டால், இப்போது 60 என்று காட்டும்போது வண்டி ஏறக்குறைய 62.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஓட்டக் கணக்கு 10,000 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 10,426 கிலோமீட்டர் ஓடியிருக்கும். எண்ணெய் மாற்ற வேண்டிய தூரம் நமக்குத் தெரியாமலே கடந்துபோகும்.

சக்கரம் பெரிதானால் தரையில் கிடைக்கும் இழுவிசை ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது கிளட்சுக்கு வேலை அதிகம். பிரேக்கோ பழைய பிரேக்தான். அது நிறுத்த வேண்டிய சக்கரம் மட்டும் பெரிதாகவும் கனமாகவும் ஆகிவிட்டது. ஸ்டியரிங்கை முழுதும் ஒடிக்கும்போதும், பாரத்தில் பிளேட் அமுங்கும்போதும் டயர் மட்கார்டில் உரசக்கூடும். இத்தனையோடு, ரிம்மை வெளியே தள்ளி வைப்பதற்காக ஸ்பேசர் என்னும் வளையத்தையும் சேர்த்துவிட்டால், பேரிங்கின்மீது விழும் சுமையும் கூடிவிடும். வண்டியின் அச்சுக்கு ஓர் எல்லை உண்டென்பதை வலியறிதல் அதிகாரத்திலேயே உவமையாக்கிவிட்டார் வள்ளுவர்; நாம்தான் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

உத்தரவாதம் எங்கே முறியும்?

வண்டியோடு வரும் உத்தரவாதப் புத்தகத்தை நம்மில் எத்தனை பேர் பிரித்துப் பார்த்திருக்கிறோம்? பூசை போட்ட மஞ்சள் கறையோடு அது டாஷ்போர்டுப் பெட்டியில் உறங்கிக்கொண்டிருக்கும். அதில் மூன்று விஷயங்களைத் தேடிப் படிக்க வேண்டும்.

முதலாவது, டயருக்கான பொறுப்பு பொதுவாக வண்டிக் கம்பெனியைச் சேர்ந்ததன்று. டயர் செய்த கம்பெனியைச் சேர்ந்தது. ஆகவே டயரின் பில்லைத் தனியே காத்துவைக்க வேண்டும். இரண்டாவது, கம்பெனி ஒப்புக்கொள்ளாத மாறுதலால் விளைந்த பழுதுக்குத் தாங்கள் பொறுப்பல்லர் என்று ஒரு வாசகம் இருக்கும். மூன்றாவது, எந்த மாறுதல் செய்தால் உத்தரவாதம் முழுதுமே நீங்கும் என்று சில புத்தகங்களில் தனியாகச் சொல்லியிருக்கும். ஒவ்வொரு கம்பெனியின் வாசகமும் வேறுபடுமாதலால், அண்டை வீட்டுக்காரரின் வண்டியைப் பார்த்து நம் வண்டிக்கு முடிவு கட்டுதல் கூடாது.

அண்ணாச்சியின் வழக்குக்கு வருவோம். பெரிய டயருக்கும் பேரிங்குக்கும் தொடர்பு உண்டு. அதை அவராலும் மறுக்க இயலவில்லை. ஆனால் டயருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் என்ன உறவு? அவர் புத்தகத்திலோ, மாறுதலால் விளைந்த பழுது மட்டுமே விலக்கப்பட்டிருந்தது. அவர் சினந்து பேசாமல், “மறுப்பதற்கான காரணத்தை எழுதிக் கொடுங்கள், எந்த விதியின்படி என்பதையும் குறிப்பிடுங்கள்” என்று கேட்டார். வாயால் சொன்னதைக் காகிதத்தில் எழுத அவர்கள் தயங்கினர். நான்கு நாள் சென்றபின் ஆல்டர்னேட்டரை இலவசமாக மாற்றிக் கொடுத்தனர். பேரிங்கின் விலையை அண்ணாச்சியே கட்டினார். பழைய டயர்களை விற்றுவிட்டதால், அசல் அளவுக்குத் திரும்ப மீண்டும் புது டயர் வாங்க வேண்டியும் வந்தது. ஒரு விரல் உயரத்துக்கு இரட்டைச் செலவு!

சட்டம் கூறுவது

உத்தரவாதத்தைவிடப் பெரிய விஷயம் சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதை வலியுறுத்தியது. சரக்கு வண்டியைப் பதிவு செய்யும் விண்ணப்பத்தில் டயர்களின் எண்ணிக்கையும் அளவுமே எழுதப்படுகின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாறுதல் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாறுதல் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தகுதிச் சான்று பெறும் நாளிலும், விபத்துக்குப் பின் இன்ஷ்யூரன்ஸ் கேட்கும் நாளிலும் இதே கேள்வி எழக்கூடும்.

பெரிய டயர் போட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று எண்ணுவோரும் உளர். அது பெரும் பிழை. பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடை டயரால் ஓர் இம்மியும் உயராது. மிகைப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

சரியான வழி

அப்படியாயின் டயர் அளவை மாற்றவே கூடாதா என்றால், வழி உண்டு. கையேட்டிலும் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள சீட்டிலும் கம்பெனி குறித்துள்ள அளவுகளைப் பாருங்கள். சில வண்டிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் குறித்திருக்கும். அதே வண்டியின் உயர்ந்த வகைக்குக் கம்பெனியே சற்றுப் பெரிய டயர் போட்டிருக்கவும் கூடும். ஆனால் நம் வகைக்கும் அது பொருந்துமா என்பதைக் கம்பெனியிடமே எழுதிக் கேட்டு, எழுத்தில் விடை பெற்ற பின்னரே வாங்க வேண்டும். விற்பனையாளர் வாயால் சொல்லும் “பரவாயில்லை” என்னும் சொல் வழக்கில் நிற்காது.

மொத்த விட்டம் அசலைவிட நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் வேறுபடக்கூடாதென்பது டயர்த் தொழிலில் வழங்கும் பொது வரம்பு. மேற்கூறிய வண்டிக்கு 225/75 ஆர் 15 பூட்டினால் விட்டம் 718.5 மில்லிமீட்டர், இரண்டு பங்குக்குச் சற்று அதிகம், வரம்புக்குள் அடங்கும். ஆயினும் இவ்வரம்பு பொறியியல் ஒழுங்கே அன்றிச் சட்டத்தின் அனுமதி அன்று. ரிம் பெரிதானால் சக்கரமும் பெரிது என்று கொள்வதும் தவறு. 265/65 ஆர் 17 டயரின் விட்டம் 776.3, 265/60 ஆர் 18 டயரின் விட்டம் 775.2. ரிம் ஓர் அங்குலம் பெரிது. சக்கரமோ ஏறக்குறைய ஒன்றே!

அளவுக்குப் பின்னே உள்ள எண்ணையும் பாருங்கள். அது சுமை எண். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோவும், 108 என்றால் 1,000 கிலோவும் தாங்கும். புது டயரின் சுமை எண் அசலைவிடக் குறையவே கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் செய்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 1225 என்றால் 2025ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் வாரம். நான்கு சக்கரமும் இயங்கும் வகை வண்டியானால் நான்கும் ஒரே அளவாக, ஒரே தேய்மானமாக இருத்தல் அவசியம். ஸ்டெப்னியை மறந்துவிடலாகாது. பழைய டயர்களை உத்தரவாதக் காலம் முடியும்வரை பரணில் வைத்திருங்கள்.

இத்தனைக்கும் பின், பள்ளத்துக்கு மருந்து பெரும்பாலும் டயரின் அளவில் இல்லை என்பதே நம் கருத்து. சீட்டில் குறித்த காற்று, ஓய்ந்துபோகாத பிளேட்டும் ஷாக் அப்சார்பரும், அளவான பாரம், நிதானமான வேகம் ஆகிய இந்நான்கும் இருந்தால் வண்டி அடி தட்டுவது பெரிதும் குறையும்.

எல்லாம் செய்தும் நியாயமற்ற மறுப்பு வந்தால் மனம் தளர வேண்டாம். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். வண்டி வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. வியாபார வண்டிக்கு இச்சட்டம் இல்லை என்று சிலர் மிரட்டுவர். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கியவரை அச்சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது.

இன்று இரவு உணவுக்குப் பின், வண்டிப் பெட்டியில் உறங்கும் புத்தகத்தை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஆங்கிலம் படிக்கும் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லி, இல்லத்தரசியும் உடனிருந்து கேட்கட்டும். பில், சர்வீஸ் சீட்டு, உத்தரவாதப் புத்தகம் மூன்றையும் ஒரே பையில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியிலேயே பத்திரப்படுத்துங்கள். அண்ணாச்சியின் வீட்டில் இப்போது அந்தப் பையின் பொறுப்பு அவருடைய மனைவியிடம் இருக்கிறது. டயர்க் கடைக்குச் செல்லும் முன் அண்ணாச்சி அவரிடம் கேட்டுக்கொண்டுதான் புறப்படுகிறார்.