டிகிரியா, கிளப் ஒப்பந்தமா? நீலகிரி கல்லூரி வீரர் கையெழுத்து போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஒரு கல்லூரி மாணவர் நல்லா ஃபுட்பால் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாரதியார் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் அவரைப் பார்த்த கிளப் ஒன்று ஒப்பந்தம் தரத் தயார் என்கிறது. படிப்பு இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி. அம்மா தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிறார். பையன் டிகிரி முடித்து ஒரு வேலைக்குப் போகணும் என்பதுதான் வீட்டோட கணக்கு. இப்போ என்ன செய்வது?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு விதியே பாதி பதில் சொல்லிவிடும். அங்கே ஆடும் 'அமெரிக்கன் ஃபுட்பால்' வேற விளையாட்டு. பள்ளிப் படிப்பு முடித்து 3 வருஷம் ஆகாமல் என்எஃப்எல் லீக்கில் நுழைய முடியாது. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். நம்ம ஊரில் அப்படி இல்லை. கல்லூரியில் இருந்தால் கட்டணச் சலுகை, ஹாஸ்டல், பயிற்சி. சம்பளம் வேணும்னா கிளப்புக்குத்தான் போகணும்.

இரண்டு வழியிலும் ஜெயித்தவர்கள்

சுனில் சேத்ரி கொல்கத்தா அசுதோஷ் கல்லூரியில் பிளஸ் 2 சேர்ந்தவர். 2001-ல் கோலாலம்பூரில் நடந்த ஆசியப் பள்ளிகள் போட்டிக்கு இந்திய அணியில் அழைப்பு வந்ததும் படிப்பை விட்டார். 2002-ல் மோகன் பகான். 2024 ஜூனில் சர்வதேசப் போட்டிகளில் இருந்து முதல் முறை ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 94 கோல்கள்.

இன்னொருவர் டாக்டர் டி. ஆவ். நாகா மலைப் பகுதியில் இருந்து வந்து கொல்கத்தாவில் மருத்துவம் படித்துக்கொண்டே மோகன் பகானுக்கு ஆடினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்கு அவர்தான் கேப்டன். எம்பிபிஎஸ் முடித்ததும் ஊருக்குத் திரும்பி அரசு மருத்துவரானார், பின்னாளில் நாகாலாந்து சுகாதாரத் துறையின் இயக்குநர். மகன் டாக்டராகணும் என்பது அவருடைய அப்பாவின் ஆசை.

நீலகிரியிலேயே மூன்றாவது வழி ஒன்று இருந்தது. குன்னூர் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ராணுவச் சம்பளம் வாங்கிக்கொண்டே 1956, 1960 ஒலிம்பிக் வரை போனார். கொல்கத்தாவின் பெரிய கிளப்களுக்கு ஆடியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜெயித்தவர்கள் கதையை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது.

ஒப்பந்தம் போட்டுட்டா செட்டில் ஆயிடலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி அணியில் ஆடிப் பெயரெடுத்து, ஜாம்ஷெட்பூர், பிறகு ஏடிகே என்று வேகமாக உயர்ந்தார். 2020 நவம்பர் 20 அன்று ஐஎஸ்எல் சீசனின் முதல் ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே முழங்காலில் அடி. அந்த சீசன் அவருக்கு அத்தோடு முடிந்தது.

காயம் வீரருக்கு மட்டும் இல்லை, கிளப்புக்கும் வரும். நீலகிரிக்கு மிக அருகில் இருந்த தொழில்முறை அணி சென்னை சிட்டி. பெயரில்தான் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச்சில் அங்கேயே மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்தி, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டம் வென்றது. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பேசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அப்படிப்பட்ட கிளப் 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை.

ஐஎஸ்எல் நிலைமையும் ஆட்டம் கண்டது. 2025-ல் உரிமை ஒப்பந்தச் சிக்கலால் வழக்கமாக செப்டம்பர் வாக்கில் தொடங்கும் தொடர் டிசம்பர் முடிந்தும் தொடங்கவில்லை. ஆகஸ்டில் பெங்களூரு அணி சம்பளத்தை நிறுத்தி வைத்தது, சென்னையின் எஃப்சி செயல்பாடுகளையே நிறுத்தி வைத்தது. அந்த வருஷம் படிப்பை விட்டுட்டு வந்த பையன் என்ன பண்ணியிருப்பான்?

அரசு வேலை கிடைச்சா போதுமா?

தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. இந்திய மகளிர் அணியில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழக காவல்துறையில் எஸ்.ஐ. சென்னையில் ஐசிஎஃப், கஸ்டம்ஸ், வருமான வரித் துறை, இந்தியன் வங்கி அணிகளும் வேலை கொடுத்து வீரர்களை எடுத்தவைதான். ஆனால் ஒதுக்கீடு என்பது சலுகை மட்டுமே, அந்தந்த வேலைக்கான கல்வித் தகுதி கையில் இருக்கணும். டிகிரி உதவுவது இங்கேதான்.

வேலையையும் கிளப்பையும் ஒன்றாகச் சுமப்பதும் சுலபமில்லை. கேரளா பிளாஸ்டர்ஸ் நட்சத்திரம் சி.கே. வினீத்தை, போதிய வருகைப் பதிவு இல்லை என்று 2017-ல் ஏஜி அலுவலகம் பணிநீக்கம் செய்தது. பிறகு கேரள அரசு வேறு வேலை கொடுத்தது.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்கணும்?

ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் அதிகபட்சம் 5 வருஷம், 18 வயதுக்குக் கீழ் என்றால் 3 வருஷம். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்றால், வீரர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் தரலாம். அப்புறமும் வரவில்லை என்றால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறலாம். இது தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. காயம் பட்டால் அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, ஆடாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்பதும் எழுத்தில் இருக்கணும். வாய் வார்த்தை நிற்காது.

படிப்பை முழுசா விடணும்னு கட்டாயமும் இல்லை. ரெகுலர் கல்லூரியில் வருகைப் பதிவு இடிக்கும். அதற்குப் பதில் இக்னோவில் 3 வருஷ பி.ஏ.வை 6 வருஷம் வரை நீட்டி முடிக்கலாம், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. கல்லூரியில் இதுவரை எடுத்த கிரெடிட்களை யுஜிசியின் அகாடமிக் பேங்க் மூலம் 7 வருஷம் வரை பயன்படுத்த வழி உண்டு. ஆனால் அந்தக் கல்லூரி அதில் சேர்ந்திருக்கணும். டிசி வாங்குவதற்கு முன்னாடியே அலுவலகத்தில் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.